89, 29.8, 1.9, 40: கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையில் எண்ணப்பட்டவர்கள் யார்?

கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனையில் எத்தனை விழுக்காட்டுப் பெண்கள் பங்கேற்றுள்ளனர் என்ற கேள்விக்கு இந்தியாவிலிருந்து நான்கு விடைகள் அச்சில் உள்ளன. 1998-இல் மும்பைக் குடிசைப்பகுதிகளில் தொடங்கிய ஆய்வு தன் பகுதியைப் பொறுத்தவரை 89 என்றது. 2015–16-ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புத் தரவிலிருந்து நாடு முழுமைக்கும் 29.8 என்ற எண் பெறப்பட்டது. அதே கணக்கெடுப்பின் அடுத்த சுற்று, 2019–21-இல், 1.9 என்றது. 2025 ஜூலையில் நடுவண் சுகாதார அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அளித்த எண்ணிக்கைகளை வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 40 வருகிறது.

இவற்றுள் எதுவும் பொய்யெண் அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை உண்மையாகவே அளந்திருக்கிறது. ஆனால் நான்கும் அளந்தது ஒரே பொருளை அல்ல. ‘பங்கேற்பு’ என்ற சொல்லே நான்கு இடங்களில் நான்கு பொருளில் நிற்கிறது. இந்த வேறுபாடு புள்ளியியலாளர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கத்தக்கதன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின்கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 80,000 பேர் இறக்கின்றனர். பாப்பிலோமா வைரஸ் தொற்றிலிருந்து புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் நோய் இது. இடையில் ஒருமுறையேனும் தக்க சோதனை நடந்து, கண்டறிந்த மாற்றம் அகற்றப்பட்டால் பெரும்பாலான இறப்புகளைத் தவிர்க்கலாம். ஆகவே யார் சோதிக்கப்பட்டார், யார் விடுபட்டார் என்று பிரித்தறிவது நேரடியாக உயிர் தொடர்பான கேள்வி.

இந்த நான்கு எண்களுக்கும் மும்பையுடன் தொடர்பு உண்டு. முதலாவது பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. நான்காவது எண்ணின் பொருளை விளங்கிக்கொள்ளத் தாராவியைப் போலவும் மாட்டுங்காவைப் போலவும் அருகருகே இருந்தும் மருத்துவ வசதியில் வெகுதொலைவில் இருக்கும் இரு பகுதிகளை நினைத்துப் பார்த்தால் போதும்.

நோயுற்றோரை எண்ணத் தொடங்கிய நகரம்

இந்தியாவில் புற்றுநோயை மக்கள்தொகை அடிப்படையில் எண்ணும் முயற்சி மும்பையில்தான் தொடங்கியது. டாட்டா நினைவு மருத்துவமனை 1941-இல் திறக்கப்பட்டது. மருத்துவர் ஜுசாவாலா முன்னின்று 1951-இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் 1963-இல் தொடங்கிய பம்பாய்ப் புற்றுநோய்ப் பதிவகமே இந்தியாவின் முதல் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பதிவகத் திட்டம் உருவானது அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1981-இல்.

மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் மக்கள்தொகைசார் பதிவகத்துக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மருத்துவமனைப் பதிவேடு வாசலுக்கு வந்தவர்களை மட்டுமே அறியும். அதில் தொகுதி உண்டு, பகுதி இல்லை. நூறு நோயாளிகள் வந்தனர் என்று அது சொல்லும். எத்தனை பேரில் நூறு என்று அதனால் சொல்ல இயலாது. மக்கள்தொகைசார் பதிவகமோ ஒரு நிலப்பரப்பை வரையறுத்து, அதன் எல்லைக்குள் வாழும் அனைவரையும் கீழெண்ணாகக் கொள்கிறது. அந்தக் கீழெண் கிடைத்த பிறகே ‘வீதம்’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகிறது.

அவ்வாறு அளந்ததில் தெரியவந்த செய்திகளுள் ஒன்று, ஒழுங்கமைந்த சோதனைத் திட்டம் எதுவும் இல்லாத காலத்திலேயே மும்பையில் கருப்பைவாய்ப் புற்றுநோயின் வீதம் மெல்லக் குறைந்துவந்தது என்பதாகும். இச்செய்தி பின்னர் ஒரு சிக்கலையும் உருவாக்கியது. தானாகவே குறைந்துவரும் நோயில், புதிதாகத் தொடங்கும் சோதனையால் எவ்வளவு குறைந்தது என்று தனித்துக் காட்டுவது எப்படி? ஒப்பிட ஒரு குழு தேவை என்ற வாதம் இங்கிருந்து வலுப்பெற்றது.

வாசலில் தொடங்கிய எண்

டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் சுரேந்திர சாஸ்திரி, இந்திரனீல் மித்ரா, கௌரவி மிஸ்ரா முதலியோர் நடத்திய ஆய்வு 1998-இல் தொடங்கியது. மும்பைக் குடிசைப்பகுதிகளிலிருந்து 20 தொகுப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் 10 சோதனைக் குழுவுக்கும் 10 ஒப்பீட்டுக் குழுவுக்கும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. 35 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் சேர்க்கப்பட்டனர்: சோதனைக் குழுவில் 75,360 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 76,178 பேர்.

பயன்படுத்திய முறை எளியது. வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பைவாயில் தடவி, ஏறத்தாழ ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இயல்புக்கு மாறான திசு வெண்மையாகத் தெரியும். ஆய்வகம் வேண்டியதில்லை, நுண்ணோக்கியின்முன் அமர உயிரணுவியல் வல்லுநர் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு நான்கு வாரப் பயிற்சி அளித்து அவர்களையே சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தினர். இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் சோதனை நடந்தது. ஒப்பீட்டுக் குழுவினருக்குச் சேர்க்கையின்போது ஒருமுறை புற்றுநோய்க் கல்வி மட்டும் வழங்கப்பட்டது.

இந்த ஆய்வில் பங்கேற்பு 89 விழுக்காடு. இவ்வெண்ணின் வலிமை அதன் அளவில் மட்டும் இல்லை; அதன் கீழெண்ணில் இருக்கிறது. எந்தப் பெண்கள் அழைக்கப்பட வேண்டியவர்கள் என்பது சோதனைக்கு முன்பே பெயர் பெயராகப் பதிவாகியிருந்தது. வராத பெண்ணும் பட்டியலில் இருந்தாள். ஆகவே அவள் வரவில்லை என்பதை ஆய்வு அறிந்திருந்தது. இந்தியச் சுகாதாரத் திட்டங்களில் பெரும்பாலும் கிடைக்காத தகவல் இதுவே. வந்தவர்களைப் பற்றி எல்லாப் பதிவேடுகளும் பேசும். வராதவரைப் பெயரிட்டுச் சொல்லும் பதிவேடு அரிது.

அதே ஆய்வு இன்னோர் எண்ணையும் வெளியிட்டது. சோதனையில் ஐயத்துக்கு இடமான முடிவு பெற்றவர்களுள் 79.4 விழுக்காட்டினரே அடுத்தகட்ட உறுதிப்படுத்தும் பரிசோதனைக்குச் சென்றனர். இரண்டையும் பெருக்கிப் பார்க்கவேண்டும். கண்ணுக்குப் புலப்படும் மாற்றம் உடைய நூறு பெண்கள் இருப்பதாகவும், சோதனை ஒருவரையும் தவறவிடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டாலும், முதற்படியை 89 பேர் கடப்பர். இரண்டாம் படியை அவர்களுள் ஏறத்தாழ 71 பேரே கடப்பர். பங்கேற்பு என்பது ஒரு வாசலைக் கடப்பதோடு முடிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாசல்களைக் கடக்கவேண்டும். முதல் வாசலை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தினால் எண் பெரிதாகத் தெரியும். நோயாளியின் பயணம் பாதியிலேயே மறைந்துவிடும்.

முதல் தொகுப்பில் சேர்க்கை நடந்து 12 ஆண்டுகளுக்குப்பின் செய்த பகுப்பாய்வில், சோதனைக் குழுவில் இந்நோயால் இறப்பது 31 விழுக்காடு குறைந்திருந்தது. 2013 ஜூனில் சிகாகோவில் நடந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவவியல் சங்கத்தின் மாநாட்டில் இம்முடிவு முதன்மை அமர்வில் வெளியிடப்பட்டது. இந்தியா முழுவதும் இம்முறையைப் பின்பற்றினால் ஆண்டுக்கு 22,000 இறப்புகளைத் தடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

ஆனால் நோய் தோன்றும் வீதம் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: இலட்சத்துக்கு 26.74, 27.49. அப்படியானால் இறப்பு குறைந்தது எப்படி? நோய் முற்றாத நிலையில் கண்டறியப்பட்டதும், கண்டறியப்பட்டவர்கள் சிகிச்சையை நிறைவுசெய்ததும் காரணங்கள். புற்று உறுதியானவர்களில் சிகிச்சையை ஏற்றவர்கள் சோதனைக் குழுவில் 86.3 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 72.3 விழுக்காடு. வீட்டுக்கு வந்து அழைத்த பணியாளர், நோய் உறுதியான பின்னும் தொடர்பில் இருந்தார் என்பதன் பயன் இந்த இடைவெளியில் தெரிகிறது.

திண்டுக்கல்லின் 63.6

மும்பை எண்ணைத் தனியே வைத்துப் படித்தால், பங்கேற்பு உயர்ந்தால் இறப்பு குறையும் என்ற எளிய முடிவுக்கு வந்துவிடத் தோன்றும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அந்த எளிமையைக் கலைக்கிறது. அங்கு 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் சோதனைக் குழுவில் இருந்தனர். அவர்களுள் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காட்டினரே, சோதிக்கப்பட்டனர். மும்பையைவிட இது மிகக் குறைவு. மேலும், அங்கு நடந்தது ஒரே ஒரு சுற்று. ஆயினும் 2007-இல் லான்செட் இதழில் வெளியான முடிவுகளின்படி நோய் தோன்றுவது 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன.

இரு ஆய்வுகளின் வயது வரம்பும் பணியாளர் தகுதியும் காலமும் வேறுவேறு. எண்களை நேருக்கு நேர் வைத்து ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்று சொல்வது முறையாகாது. எனினும் ஒரு பாடம் தெளிவு. திண்டுக்கல்லில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சோதித்தனர். புற்றுக்கு முந்தைய மாற்றம் தெரிந்தவர்களுக்கு உறைகுளிர் முறையில் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. புற்றாக மாறுமுன்பே அகற்றியதால் அங்கு நோய் தோன்றுவதே குறைந்தது. குறைவானவர்கள் பங்கேற்றும் பயன் கிடைத்தது என்றால், பங்கேற்புக்குப் பின் நிகழ்வதைச் சேர்க்காமல் பங்கேற்பை மதிப்பிட முடியாது என்றே பொருள்.

எண்ணப்பட்டும் சோதிக்கப்படாதவர்கள்

இந்த வரலாற்றின் கடினமான பகுதி ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியது. மும்பை, திண்டுக்கல், மராட்டியத்தின் உஸ்மானாபாத் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக் குழுக்களில் இருந்த பெண்கள் மொத்தம் 1,38,624 பேர். அவர்களுள் 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தனர். இப்பெண்களுக்குச் சோதனை வழங்காமல் இறப்பை மட்டும் எண்ணியது சரியா என்ற கேள்வியை அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா எழுப்பினார். அமெரிக்காவின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகத்திடம் அவர் முறையிட்டார். 2014-இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் இதுபற்றிக் கட்டுரையும் எழுதினார். பாப் ஸ்மியர் சோதனை பயன் தரும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. தெரிந்த ஒன்றை மீண்டும் நிறுவ ஒரு குழுவைச் சோதனையின்றி வைத்திருக்கத் தேவையில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஆய்வாளர்கள் தரப்பின் விடையும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அந்தக் காலத்தில் இந்தியாவில் நாடு தழுவிய சோதனைத் திட்டம் எதுவும் இல்லை. ஒப்பீட்டுக் குழுவிலிருந்த பெண்கள் பெற்றது, நாட்டின் ஏனைய பெண்கள் பெற்றதைவிடக் குறைவானது அல்ல. உயிரணுவியல் ஆய்வகங்கள் இல்லாத இடங்களில் பாப் ஸ்மியரைப் பரிந்துரைப்பது காகிதத்தில் மட்டும் நிற்கும் பரிந்துரை. மலிவான மாற்றுமுறை இறப்பைக் குறைக்கும் என்ற சான்று இல்லாமல் எந்த அரசும் பணம் ஒதுக்காது.

இரு தரப்பையும் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். ‘வழக்கமான மருத்துவம்’ என்ற தொடரின் பொருளைப் பற்றியே இந்தச் சச்சரவு நடக்கிறது. உலகில் கிடைக்கும் மருத்துவமா? அந்தப் பெண்ணின் தெருவில் கிடைக்கும் மருத்துவமா? இரண்டாவது பொருளை ஏற்றால், ‘எதுவும் இல்லாமை’ என்பதே வழக்கமான மருத்துவமாகிவிடும். 254 என்ற எண்ணை ஆய்வின் குற்றம் என்று மட்டும் வாசிப்பவர்கள் ஒன்றை மறக்கின்றனர்: அதே ஆண்டுகளில் ஆய்வுக்கு வெளியே, எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இறந்தவர்கள் பல இலட்சம். அவர்களின் இறப்பு எந்த அறவியல் குழுவின் முன்னும் வரவில்லை. ஆனால் இந்த உண்மை ஆய்வாளர்களின் பொறுப்பை அழிப்பதில்லை. அரசின் பொறுப்பை அத்துடன் சேர்க்கிறது. 254 பேரின் இறப்பிலிருந்து பெற்ற சான்று திட்டமாக மாறாவிட்டால், அவர்கள் எண்ணப்பட்டதற்கு என்ன நியாயம் என்ற கேள்வி நிலைத்து நிற்கும்.

கேள்வியின் சொற்கள்

மும்பையின் மறுமுனையில், தேவ்னாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. 1992–93 முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை நடத்திவருவது இந்நிறுவனமே. நான்காம் சுற்றில் 6,99,686 பெண்களும் ஐந்தாம் சுற்றில் 7,24,115 பெண்களும் நேர்காணப்பட்டனர். இவ்வளவு பெரிய மாதிரியில் வாய்ப்புப் பிழை மிகச் சிறியதாகவே இருக்கும். ஆயினும் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 29.8 என்று இருந்தது நான்கைந்து ஆண்டுகளில் 1.9 என்றாகிவிட்டது. இருபத்தெட்டு விழுக்காட்டுப் பெண்கள் எங்கே போனார்கள்?

எங்கும் போகவில்லை, மாறியது கேள்வி. நான்காம் சுற்று, கருப்பைவாய் எப்போதாவது பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்டது. ஐந்தாம் சுற்று, கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் சோதனை எப்போதாவது செய்யப்பட்டதா என்று கேட்டது. நான்காம் சுற்றின் காலத்தில் நாட்டின் மகப்பேறுகளில் 78.9 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடந்தன. மகப்பேற்றின்போது உட்பரிசோதனை செய்யப்பட்ட பெண் முதற்கேள்விக்கு ‘ஆம்’ என்றால் அது பொய்யன்று. வெள்ளைப்படுதலுக்காக மருத்துவரிடம் சென்றவரும், கருத்தடைச் சாதனம் பொருத்திக்கொண்டவரும் ‘ஆம்’ என்றே சொல்லலாம். அவர்களில் எவருக்கும் புற்றுநோய்ச் சோதனை நடந்திருக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த 29.8 என்ற எண், 2018-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் வெளியான ஆய்வில், இந்தியாவின் சோதனைப் பரவலுக்கான தொடக்க அளவாகக் கொள்ளப்பட்டது.

இதில் மொழியியல் நோக்கில் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. ஆங்கிலத்தில் மருத்துவர் பார்ப்பதற்கு ஒரு சொல், ஆய்வகத்தில் சோதிப்பதற்கு ஒரு சொல், நோய்க்குறி இல்லாதவர்களிடையே நோயைத் தேடுவதற்கு ஒரு சொல் என மூன்று தனிச்சொற்கள் உள. தமிழில் இம்மூன்றையும் ‘பரிசோதனை’ என்ற ஒரே சொல் சுமக்கிறது. இந்தியில் ‘ஜாஞ்ச்’, மராத்தியில் ‘தபாஸ்ணீ’ ஆகியனவும் ஏறக்குறைய இப்படியே. ஆகவே பேச்சுவழக்கில் இரு சுற்றுக் கேள்விகளையும் பிரித்துக் காட்டும் சுமை ‘புற்றுநோய்’ என்ற சொல்லின்மீதே விழுகிறது. அச்சொல்லோ நடுநிலையான சொல் அன்று. பல வீடுகளில் அது உரக்கச் சொல்லப்படுவதில்லை. கேள்வியில் அச்சொல் வந்தவுடன், ‘எனக்கு அதெல்லாம் இல்லை’ என்று விடை வருவது இயல்பு. கேட்கப்பட்டது நோய் உண்டா என்பதன்று, சோதனை நடந்ததா என்பது.

உறுப்பின் பெயரும் அத்தகையதே. இலத்தீனில் இவ்வுறுப்பின் பெயருக்குக் கழுத்து என்று பொருள். தமிழில் ‘கருப்பைக் கழுத்து’, ‘கருப்பைவாய்’, ‘கர்ப்பப்பை வாய்’ என மூன்று வழக்குகள் நிலவுகின்றன. அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ‘கர்ப்பப்பை’ என்ற முழுமைதான் உண்டு. அதன் ஒரு பகுதிக்குத் தனிப்பெயர் வழங்குவதில்லை. தாராவியில் தமிழ் பேசும் பெண்ணிடம் மராத்தி அறிந்த பணியாளர் இந்தியில் கேட்டால், ஒரு சொல் மூன்று மொழிகளைக் கடந்து செல்லவேண்டும். கடக்கும்போது ‘வாய்’ உதிர்ந்து ‘கர்ப்பப்பை’ மட்டும் மிஞ்சினால், கருவுற்ற காலத்தில் எடுத்த ஸ்கேனும் ‘ஆம்’ என்ற விடைக்குள் புகுந்துவிடும். இப்படியான ஒவ்வொரு ‘ஆம்’ என்பதும் ஒரு விழுக்காட்டின் துளி.

எனவே 29.8-லிருந்து 1.9-க்குப் ‘பங்கேற்பு சரிந்தது’ என்று எழுதுவது பிழை. முதற்கேள்வி அகலமாகக் கேட்டது. இரண்டாவது குறுக்கிக் கேட்டது. நோய்க் கட்டுப்பாட்டுக்கு இரண்டாவதே நெருக்கமானது. அந்த இரண்டாவது கேள்வியிலும் மாநிலங்களிடையே பெரும் வேறுபாடு தெரிகிறது. தமிழ்நாட்டில் அது 9.8, மேற்கு வங்கத்தில் 0.2. தமிழ்நாடு 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரித்த அரசுத் திட்டத்தை இவ்விடத்தில் நினைவுகூரவேண்டும். திட்டம் நடந்த இடத்தில் சோதனை நடந்தது. அதோடு ‘இது புற்றுநோய்க்கான சோதனை’ என்ற சொல்லும் பெண்களைச் சென்றடைந்தது. ஆயினும் பத்தில் ஒருவரைக்கூட முழுமையாக எட்டாத எண்ணே நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது.

தாராவியின் கீழெண், மாட்டுங்காவின் மேலெண்

நான்காவது எண்ணுக்கு வருவோம். 30 வயதுக்கு மேற்பட்ட தகுதியுடைய பெண்கள் 25.42 கோடி, அவர்களுள் 10.18 கோடி பேர் சோதிக்கப்பட்டனர் என்பது அமைச்சகம் 2025-இல் அளித்த கணக்கு. தொற்றாநோய்களுக்கான தேசியத் தளத்தில் பணியாளர்கள் பதிவேற்றும் தகவல் இதற்கு அடிப்படை. 2016-இல் வந்த தேசிய வழிகாட்டுதல், 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அசெட்டிக் அமிலச் சோதனை செய்யப் பணித்தது. சோதனைக்கு முந்தைய படியாக, ஆஷா பணியாளர் ஒரு சரிபார்ப்புப் படிவத்தை நிரப்புகிறார். மாதவிடாய்களுக்கிடையே இரத்தப்போக்கு உண்டா என்பன போன்ற கேள்விகள் அதில் உள்ளன. படிவத்தில் ‘இல்லை’ என்று குறிப்பது ஒன்று. விளக்கொளியில் கருப்பைவாயைப் பார்ப்பது வேறொன்று. இரண்டையும் ‘சோதனை’ என்ற ஒரே சொல்லால் குறித்தால் 1.9-க்கும் 40-க்கும் இடையேயான தூரம் ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகும்.

தாராவியை எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இப்பகுதி, இரண்டரைச் சதுர கிலோமீட்டர் அளவுக்குள் அடங்கும். அதன் மக்கள்தொகை பற்றிய மதிப்பீடுகள் 6 இலட்சத்திலிருந்து 10 இலட்சம் வரை விரிகின்றன. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: அங்கு 20,000 பெண்கள் சோதிக்கப்பட்டதாகவும், தகுதியுடைய வயதினர் மொத்த மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு என்றும் கொள்வோம். முதல் மதிப்பீட்டில் பங்கேற்பு ஏறத்தாழ 17 விழுக்காடு. இரண்டாவதில் 10 விழுக்காடு. ஒரு பெண்கூடக் கூடவோ குறையவோ இல்லை. கீழெண் மட்டுமே மாறியது.

கீழெண்ணில் யார் இடம்பெறுவர் என்பது அங்கு அரசியல் கேள்வியும்கூட. மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய வீட்டுக் கணக்கெடுப்பில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர் ஒரு வகை. அதற்குப்பின் வந்தவரும் மேல்தளத்தில் குடியிருப்பவரும் வேறு வகை. மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கும் பெண்ணுக்கும் பட்டறையில் தங்கி வேலை செய்யும் பெண்ணுக்கும் நோய் வருவதில் அப்படியொரு வகைப்பாடு இல்லை. குடியிருப்புக்கான பட்டியலைச் சுகாதாரத்துக்கான பட்டியலாகக் கொண்டால், இடம்பெயரக் கூடியவர்களே முதலில் விடுபடுவர். நான்கு சுற்றுச் சோதனைக்குத் தேவையான தொடர்ச்சி அவர்களுக்கே கிடைக்காமல் போகும்.

சற்றுத் தொலைவில் உள்ள மாட்டுங்காவிலும் செம்பூரின் அடுக்ககங்களிலும் சிக்கல் தலைகீழ். அங்குத் தனியார் மகளிர் மருத்துவரின் அறிவுரைப்படி பாப் ஸ்மியர் எடுத்துக்கொள்ளும் பெண், சோதிக்கப்பட்டவர். ஆனால் ஆஷா பணியாளர் அவர் வாசலுக்கு வராததால் அரசுத் தளத்தில் சோதிக்கப்படாதவர். தாராவியில் கீழெண் நழுவுகிறது. மாட்டுங்காவில் மேலெண் நழுவுகிறது. இரண்டையும் கூட்டி வகுத்த விழுக்காடு இரண்டு இடங்களைப் பற்றியும் உண்மை சொல்லாது.

பட்டியல் செய்யும் வேலை

இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு விளக்கமாக அமையும். அங்கு 1960-களின் நடுவிலேயே பாப் ஸ்மியர் சோதனை பரவலாகத் தொடங்கிவிட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. வேறு காரணத்துக்காக மருத்துவரிடம் வரும் இளம்பெண்களே திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டனர். நோய் வாய்ப்பு மிகுந்த மூத்த பெண்கள் விடுபட்டனர். 1988-இல் பொது மருத்துவர்களின் பதிவுப் பட்டியலைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிய காலத்தில் அழைப்புக் கடிதம் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. 1988-இல் 42 விழுக்காடாக இருந்த பரவல் 1994-இல் 85 விழுக்காடானது. சோதனைக் கருவி மாறவில்லை. வராத பெண் யார் என்று நாட்டுக்குத் தெரியத் தொடங்கியது, அவ்வளவே.

மும்பை ஆய்வு 89 விழுக்காட்டை எட்டியதற்கும் அதே காரணம். கணினியின் இடத்தில் அங்குப் பத்தாம் வகுப்புப் படித்த பணியாளர்களின் கால்கள் இருந்தன. ஆய்வு முடிந்ததும் அந்தப் பட்டியலின் வேலையும் முடிந்தது. ஆய்வின் முடிவை நாடு எடுத்துக்கொண்டது. அசெட்டிக் அமிலச் சோதனை தேசிய வழிகாட்டுதலில் இடம்பெற்றது. அந்த முடிவைச் சாத்தியமாக்கிய பட்டியலை எடுத்துக்கொள்ளவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் அறிவித்த இலக்கின்படி, 2030-க்குள் 70 விழுக்காட்டுப் பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் உயர்திறன் சோதனைக்கு உட்படவேண்டும். மாற்றம் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவேண்டும். 2030 வரும்போது இந்தியாவும் ஓர் எண்ணைச் சமர்ப்பிக்கும். அந்த எண் 70-ஐ எட்டியதா என்று கேட்பதற்கு முன் கேட்கவேண்டியவை நான்கு: கீழெண்ணில் யார் யார் உள்ளனர்? ‘சோதனை’ என்று எண்ணப்பட்டது படிவமா, பார்வையா, வைரஸ் சோதனையா? ஒரே பெண் எத்தனை முறை எண்ணப்பட்டார்? மாற்றம் தெரிந்தவர்களுள் எத்தனை பேர் சிகிச்சை வரை சென்றனர்?

இந்நான்குக்கும் விடை சொல்லக்கூடிய பதிவேடு இந்த நாட்டுக்குப் புதியது அன்று. மும்பைக் குடிசைப்பகுதிகளில் 75,360 பெண்களுக்கு அப்படியொரு பதிவேடு கால் நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. அதன் மறுபாதியில், சோதனைக்கு அழைக்கப்படாத 76,178 பெண்களின் பெயர்களும் இருந்தன.